குஞ்சு, குட்டி, பிள்ளை: தமிழ் இளமைப் பெயர்களின் எல்லைகள்

ஆங்கிலத்தில் ‘புரூட்’ என்ற ஒரே சொல், ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளின் கூட்டத்தையும், முட்டைகளின் மேல் தாய்ப்பறவை அமர்ந்து சூடூட்டும் செயலையும், ஒரு கவலையை மனத்துக்குள் விடாமல் வைத்துக்கொண்டிருக்கும் நிலையையும் குறிக்கிறது. வெப்பத்தைக் குறித்த பழைய ஜெர்மானிய வேர் ஒன்றிலிருந்து அது வந்ததென்று சொற்பிறப்பியலார் கருதுவதால், அச்சொல்லின் மையம் குஞ்சு அல்ல, குஞ்சை வெளிக்கொணரும் சூடே என்று கொள்ளலாம். தமிழில் இந்தப் பொருள்கள் தனித்தனிச் சொற்களில் பிரிந்து கிடக்கின்றன. செயலுக்கு அடைகாத்தல், அடைகிடத்தல் என்ற சொற்களும், தமிழகத்தின் சில பகுதிகளில் அவயம் என்ற சொல்லும் வழங்குகின்றன. முட்டை உடைந்து உயிர் வெளிவருவது பொரித்தல், உடலிலிருந்து உயிர் பிறப்பது ஈனுதல், ஒருமுறை ஈன்றவை பேச்சில் ஈத்து எனத் திரிந்த ஈற்று. சிறுவர் கூட்டத்தைச் சுட்டக் ‘குஞ்சும் குருமானும்’ என்ற இணைமொழி உண்டு. ஆனால் தமிழின் செல்வம் இவற்றில் இல்லை. எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் என்பதை வரையறுத்து, அவ்வரையறைக்கு ஓர் இலக்கண நூலில் தனியிடமும் கொடுத்திருப்பதுதான் இத்துறையில் தமிழின் தனித்தன்மை.

அந்த வரையறை இன்று எவ்வாறு உயிரோடிருக்கிறது என்பதைப் பார்க்கப் பொருத்தமான இடங்களுள் ஒன்று பாரிஸ் மாநகரின் 18ஆம் வட்டாரத்தில், லா சப்பலுக்கு வடக்கே உள்ள மார்க்ஸ் டோர்மோய் பகுதி. 1916இல் தோர்சி என்ற பெயரில் திறக்கப்பட்ட இதன் மெத்ரோ நிலையம், மக்கள் முன்னணி அரசின் உள்துறை அமைச்சராக இருந்து 1941இல் கொல்லப்பட்ட மார்க்ஸ் டோர்மோயின் பெயரை 1946இல் ஏற்றது. இலங்கையில் 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் பெருமளவில் பிரான்சுக்கு வந்த ஈழத்தமிழரின் கடைகளும் கோயிலும் கார் து நோர் முதல் இப்பகுதி வரையிலான தெருக்களில் அமைந்தன. இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இருவகை இளமைப் பெயர்களைக் கற்கிறார்கள். பிரெஞ்சுத் தொடக்கப் பள்ளியில் விலங்குக் குட்டிகளின் பெயர்கள் ஒரு பாடமாகவே வருகின்றன. பசுவின் இளமை ‘வோ’, குதிரையின் இளமை ‘பூலான்’, மானின் இளமை ‘ஃபான்’, ஓநாயின் இளமை ‘லூவ்தோ’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை மனனம் செய்ய வேண்டும். தமிழ்ச்சோலை போன்ற வார இறுதிப் பள்ளிகளில் கன்று, குட்டி, பறழ், குருளை என்ற இன்னொரு வரிசை வருகிறது. வீட்டிலோ பாட்டியும் தாயும் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழ் இவ்விரண்டு அட்டவணைகளுக்கும் அடங்காமல் வேறு வழியில் செல்கிறது.

தமிழ் வரிசையின் மூலம் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலான மரபியல். மரபு என்பது இங்கு நெடுங்காலப் பழக்கத்தால் நிலைத்த சொல்வழக்கு. ஒரு சொல் ஏன் ஒரு பொருளுக்கு ஆகிவந்தது என்று கேட்காமல், ஆகிவந்ததைப் பதிவதே அவ்வியலின் பணி. அது பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைத் தந்து, அவற்றை உயிர்களுக்குப் பங்கிடுகிறது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பும் பிள்ளையும் உரியவை. தவழ்ந்து செல்பவையும் அவற்றைப் போன்றவையே. கீரியினம் என்று பொருள்கொள்ளப்படும் மூங்கா, காட்டுப்பூனையாகிய வெருகு, எலி, முதுகில் மூன்று வரிகளையுடைய அணில் ஆகியவற்றுக்குக் குட்டி, பறழ் என்ற பெயர்கள்; நாய், பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றுக்குக் குருளை; ஆட்டுக்கும் மான் வகைகளுக்கும் குதிரைக்கும் மறி; யானை, குதிரை, கழுதை, கடமை, பசு ஆகியவற்றுக்குக் கன்று. தமிழ்நாட்டில் இயல்பாக வாழாத ஒட்டகமும் கன்று பெறுவதாகச் சொல்லப்படுகிறது. சிங்கம் இப்பட்டியலில் இல்லவே இல்லை. மரபியலின் சில பகுதிகள் நூலின் பிற பகுதிகளுக்குப் பிந்தியவை என்று கருதும் அறிஞர் பலர் உளர்; அதனால் இப்பங்கீட்டை ஒரே காலத்தின் பேச்சாகக் கொள்ளாமல், பல தலைமுறைகளின் வழக்கைத் திரட்டிய பதிவாகக் கொள்வதே பாதுகாப்பானது. பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றி இச்செய்திகளைப் பொதுவாசகருக்குக் கிடைக்கச் செய்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்பது, பாரிஸ் ஈழத்தமிழர் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி.

இச்சூத்திரங்களைப் பள்ளிப் பாடநூல் படிக்கும் முறையில் படித்தால் அவற்றின் இயல்பு தவறிவிடும். பாடநூல் ஓர் உயிருக்கு ஒரு பெயர் என்று பொருத்துகிறது. மரபியலோ ஒரு பெயரைச் சொன்னவுடன், இன்னொரு பெயரால் அழைத்தாலும் பிழையில்லை என்று அடுத்த சூத்திரத்திலேயே கதவைத் திறந்து வைக்கிறது. குதிரை மறியாகவும் இருக்கலாம், கன்றாகவும் இருக்கலாம். யானைக்குக் கன்றோடு குழவியும் உண்டு. பசுவும் எருமையும் குழவி பெறுகின்றன. குரங்கினம் குட்டி, மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு, குழவி எனப் பெரும்பாலான பெயர்களைத் தனதாக்கிக்கொள்கிறது. ‘வரையார்’, அதாவது விலக்கமாட்டார்கள் என்ற சொல் இப்பகுதியில் மீண்டும் மீண்டும் வருவது தற்செயலன்று. தாராளமாக அனுமதிக்கும் ஓர் இலக்கணம் எங்கே மறுக்கிறதோ, அங்கேதான் மொழியின் உறுதியான எல்லைகள் இருக்கின்றன. அவ்வாறான மறுப்புகள் மூன்று. பிள்ளை என்ற பெயர் நாய்க்கு ஆகாது. மக்களின் இளமைக்குக் குழவி, மகவு என்ற இரண்டைத் தவிர வேறு பெயர் ஆகாது. ஓரறிவுயிர்களான செடிகொடி மரங்களுக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்ற பெயர்கள் பொருந்தும். ஆயினும் நெல்லும் புல்லும் அவற்றை ஏற்கமாட்டா. இந்த மூன்றுள் இரண்டு இன்றளவும் பெரும்பாலும் அசையாமல் நிற்கின்றன என்பதும், ஒன்று அடியோடு சரிந்தது என்பதுமே தமிழ் இளமைப் பெயர்களின் வரலாற்றில் முதன்மையான செய்தி.

சரிந்தது மக்களைப் பற்றிய மறுப்பு. பறவைக்கும் நரிக்கும் பன்றிக்கும் மரத்துக்கும் உரியதாகச் சொல்லப்பட்ட பிள்ளை, இன்று மனிதக் குழந்தைக்கு, குறிப்பாக ஈழத்தமிழில், முதற்பெயராகிவிட்டது. குழவி நூல் வழக்காகவும் அம்மிக்குத் துணையான அரைகல்லின் பெயராகவும் ஒதுங்கியது, மகவு பிறப்புச் செய்திகளிலும் செய்யுளிலும் மட்டும் தங்கிவிட்டது. இம்மாற்றத்தின் தொடக்கம் தொல்காப்பியத்துக்குள்ளேயே தெரிகிறது: புறத்திணையியலில் போரில் வென்று எழுந்த இளவீரனைப் பறையொலிக்க நாட்டார் போற்றும் துறைக்குப் பிள்ளையாட்டு என்று பெயர். அதே நூல், மக்கட்பருவத்தைப் பாடுவதற்கு இடந்தரும்போது குழவி என்ற சொல்லையே ஆள்கிறது; பிற்காலத்தில் அந்த இடத்திலிருந்து வளர்ந்த சிற்றிலக்கிய வகையோ பிள்ளைத்தமிழ் என்று பெயர்பெற்று, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடிய நூலில் முழு வடிவம் எய்தியது. சொல்லின் நகர்வை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. அடுத்த படியில் அச்சொல் மரியாதைப் பெயராக உயர்ந்தது. திருஞானசம்பந்தர் ஆளுடைய பிள்ளையார் எனப்பட்டார். சிவனின் மக்களுள் விநாயகர் மூத்த பிள்ளையார், முருகன் இளைய பிள்ளையார். பின்னர் அரச அலுவலர்க்கும் சமூகத் தலைவர்க்கும் பட்டமாகிப் பெயரின் ஈற்றில் ஒட்டிக்கொண்டது.

மார்க்ஸ் டோர்மோய் நிலையத்துக்கு அருகே ரூ பஜோலில், 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அதன் தேர் லா சப்பல் தெருக்களில் வலம் வரும்போது, தேங்காய் உடைக்கும் அடியார்கள் அந்தக் கடவுளைப் பிள்ளையார் என்றே அழைக்கிறார்கள். பாலி மொழியில் ‘பில்லக’ என்ற சொல் யானைக் கன்றைக் குறித்ததால், பிள்ளையார் என்ற பெயர் தொடக்கத்தில் யானையின் இளமையைச் சுட்டியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர் உண்டு. கவர்ச்சியான கருத்துதான்; ஆனால் மரபியல் யானைக்குக் கன்றையும் குழவியையும் கொடுத்துப் பிள்ளையைக் கொடுக்கவில்லை என்பதை இக்கருத்துடையோர் எதிர்கொள்ள வேண்டும். மூத்த, இளைய, ஆளுடைய என்ற அடைகளோடு மூவருக்கும் ஒரே சொல் வழங்கியதை நோக்கும்போது, யானைமுகத்தைவிடச் சிவனின் மைந்தர் என்ற உறவே அப்பெயருக்குப் போதிய விளக்கமாகிறது.

பிள்ளை இன்னொரு திசையிலும் நகர்ந்தது. கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்ற வழக்குகளில் அது இளமையைக் குறிப்பதே இல்லை. முழுவளர்ச்சி பெற்ற கீரியும் கீரிப்பிள்ளைதான். செல்லமாகச் சொன்ன இளமைப் பெயர் இனத்தின் பெயராக உறைந்த இந்நிகழ்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் பறவைக்கு இன்றுள்ள ‘பேர்ட்’ என்ற பொதுச்சொல், பழைய ஆங்கிலத்தில் கூட்டிலிருக்கும் குஞ்சை மட்டும் குறித்தது. பன்றிக்கு வழங்கும் ‘பிக்’ முன்பு பன்றிக்குட்டியின் பெயர். பிரெஞ்சில் ‘ஃபான்’ எதிர்த்திசையில் சென்றது: லத்தீனில் கருவையும் ஈன்றதையும் குறித்த சொல்லிலிருந்து பிறந்து, முற்காலத்தில் எந்த விலங்கின் குட்டிக்கும் வழங்கி, இறுதியில் மானினத்தின் கன்றுக்கு மட்டும் சுருங்கியது. இளமைப் பெயர்கள் ஓரிடத்தில் நில்லாமைக்குக் காரணம், அவை பெயர்ப்பொருளோடு அன்பையும் சேர்த்துச் சுமப்பதே. அன்பு எவற்றின் மேல் பாய்கிறதோ அவற்றின் மேல் இப்பெயர்களும் பாய்கின்றன. தமிழ்ப் பாடநூல்கள் சிலவற்றில் ‘கீரி – பிள்ளை, அணில் – பிள்ளை’ என்று இளமைப் பெயராகக் கற்பிக்கப்படுவது, உறைந்துவிட்ட இந்த வழக்கைத் தவறாகப் படித்ததன் விளைவு. மரபியல் அவற்றுக்குக் கொடுத்தவை குட்டியும் பறழுமே.

செடிகொடிகளைப் பற்றிய எல்லை இன்னும் நுட்பமானது. தென்னம்பிள்ளை, கமுகம்பிள்ளை, மாங்கன்று, வாழைக்கன்று என்ற வழக்குகள் மரபியலின் அனுமதிக்குள் அமைகின்றன. ஈழத்தில் வாழையின் பக்கக்கன்று வாழைக்குட்டி எனப்படுகிறது. அது மரபியல் ஓரறிவுயிர்க்குச் சொன்ன நான்கு பெயர்களுள் இல்லாதது, ஆனால் தாயின் அடியோடு ஒட்டி முளைப்பதைக் காட்ட அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பதும் கடினம். யாழ்ப்பாணப் பேச்சில் கன்று ‘கண்டு’ ஆகிப் பூங்கண்டு, மிளகாய்க்கண்டு என்று தோட்டம் முழுவதும் பரவியிருக்கிறது. பனைக்கு மட்டும் வடலி என்ற தனிப்பெயர். நெல்லுக்கோ நாற்றும் பயிரும்தான். நெற்கன்று என்றோ நெற்பிள்ளை என்றோ எந்த உழவரும் சொல்வதில்லை. தொல்காப்பியம் சொன்ன மறுப்பு அந்த ஒரு பயிரில் இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மாறாமல் இருப்பது வியப்புக்குரியது. தனித்தனியாக நட்டுப் பேணப்படும் உயிருக்கே பிள்ளைப் பெயரும் கன்றுப் பெயரும் கிடைக்கின்றன, கூட்டமாக விளைவதற்குக் கிடைப்பதில்லை என்று இதற்கு ஒரு காரணம் கூறலாம்.

புல்லைப் பற்றி மட்டும் ஒரு சிக்கல் எழுகிறது. அதே மரபியல், உள்ளே வைரமுடையவற்றை மரம் என்றும், வெளியே வைரமுடையவற்றைப் புல் என்றும் பகுக்கிறது. தென்னை, பனை, கமுகு, மூங்கில் ஆகியவை வெளிவைரம் உடையவை என்பதால் அவை அனைத்தும் புல். இன்றைய தாவரவியல் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்று வகுப்பதோடு இப்பழம் பகுப்பு ஒத்துப்போவதையும் இங்கே குறிக்க வேண்டும். அவ்வாறாயின் தென்னம்பிள்ளை என்ற வழக்கு விலக்கப்பட்டதாக வேண்டும். இளமைப் பெயர் மறுக்கப்பட்ட இடத்தில் புல் என்பது தரையோடு படரும் சிறுபுல்லையே குறித்தது என்று கொண்டால் முரண் தீர்கிறது. ஒரே இயலில் ஒரு சொல் இரு அளவில் வழங்குவது இலக்கண நூலுக்குக் குறையாகாது; வழக்கைப் பதியும் நூலில் வழக்கின் நெகிழ்ச்சியும் பதிவாகவே செய்யும்.

நாயைப் பற்றிய மறுப்பும் தமிழில் அப்படியே இருக்கிறது. நாய்க்குட்டி உண்டு, நாய்ப்பிள்ளை இல்லை. இதைத் திராவிட மொழிகள் அனைத்துக்கும் பொதுவானதென்று கருத முடியாது. தெலுங்கில் ‘பில்ல’ நாயின் குட்டிக்கும் கோழியின் குஞ்சுக்கும் மனிதக் குழந்தைக்கும் தடையின்றி வழங்குகிறது. அண்டை மொழிகளோடு ஒப்பிடும்போது ஒரே சொற்கூட்டம் வேறுவேறு வகையில் பங்கிடப்பட்டிருப்பது தெளிவாகிறது. மலையாளத்தில் குட்டி மனிதக் குழந்தைக்கு இயல்பான பெயர், கைக்குழந்தை ‘குஞ்ஞு’. கன்னடத்தில் ‘மரி’ நாய்க்கும் ஆட்டுக்கும் பொதுவாகிவிட, தமிழில் அதன் உறவான மறி ஏறக்குறைய மறைந்துவிட்டது.

பறவையின் இளமைக்கு இன்று தமிழர் அனைவரும் சொல்லும் குஞ்சு மரபியலின் ஒன்பதில் இடம்பெறவில்லை. அதன் இடத்தில் அன்று இருந்தது பார்ப்பு. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் ஓரம்போகியார், தாயின் முகத்தைப் பார்த்தே வளரும் ஆமைப் பார்ப்பையும், தன் பார்ப்பையே தின்னும் முதலையையும் உவமையாக எடுத்தாண்டார். இச்சொல் தமிழ்ப் பேச்சிலிருந்து நீங்கினாலும் மலையாளத்தில் தாய்மீனோடு திரளாகத் திரியும் மீன்குஞ்சுகளுக்கு இன்னும் வழங்குகிறது. கடற்கரைகளில் இப்போது ஆமைக்குஞ்சு என்ற சொல்லே கேட்கிறது. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பிடங்களில் புதைத்துக் காத்து, ஏறத்தாழ 45 முதல் 55 நாள்களில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. கடலாமை நூறளவிலான முட்டைகளை மணலில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புவதால் குஞ்சு தாயின் முகத்தை ஒருபோதும் காண்பதில்லை. அங்கு அடைகாப்பது மணலின் வெப்பமே, குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அவ்வெப்பமே. கோழியோ 21 நாள் முட்டையை விட்டு அதிகம் விலகாமல், உண்ணவும் மறந்து அமர்கிறது. தமிழ் மரபு இவ்விரண்டையும் ஒரே பெயருக்குள் வைத்தது, பொரித்து வெளிவருதல் என்ற பொதுமை பற்றி ஆகலாம்.

குஞ்சு வந்தபின் பார்ப்பு நீங்கியதுபோல, குட்டி பரவப் பரவப் பிற பெயர்கள் சுருங்கின. கன்றுக்குட்டி என்ற இரட்டைச் சொல்லே இதற்குச் சான்று: கன்று தனித்து நின்றால் செடியென்றும் பொருள்படும் நிலை வந்ததால், விலங்கு என்று தெளிவுபடுத்தக் குட்டி துணைக்கு வந்தது. குருளை முற்றும் வழக்கொழிந்திருக்க வேண்டும். அதைக் காத்தது சாரணர் இயக்கம். பேடன் பவல் 1916இல் சிறுவர்க்காகத் தொடங்கிய ஓநாய்க்குட்டிப் பிரிவு இலங்கைப் பள்ளிகளில் குருளைச் சாரணர் என்று தமிழாக்கப்பட்டதால், யாழ்ப்பாணத்தில் படித்த பலர் அச்சொல்லை இலக்கணத்தில் அல்லாமல் பள்ளி மைதானத்தில் அறிந்தார்கள். பிரான்சில் அதே வயதுச் சாரணர் ‘லூவ்தோ’ எனப்படுவதால், பாரிஸில் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டையும் இணைத்துக் காட்டுவது எளிது.

யாழ்ப்பாணப் பேச்சில் இளமைப் பெயர்கள் மனிதரை நோக்கித் தாராளமாக வருகின்றன. குஞ்சு குழந்தைக்குச் செல்லப்பெயர். ‘என்ர குஞ்சு’ என்று அழைப்பதில் பறவையின் நினைவு எவருக்கும் எழுவதில்லை. தாயின் தங்கை குஞ்சியம்மா, தந்தையின் தம்பி குஞ்சியப்பு என்ற முறைப்பெயர்களில் அதே அடி இளையவர் என்ற பொருளைத் தாங்கியது. மரபியல் ஒட்டகம், குதிரை, கழுதை ஆகியவற்றின் பெண்பாலுக்கு வகுத்த பெட்டை, ஈழத்தில் சிறுமிக்கு வழங்கும் அன்றாடச் சொல். தமிழகத்திலிருந்து வந்தவர் காதில் இது முரட்டுத்தனமாக விழலாம், ஆனால் அதைச் சொல்லும் தாய் அவ்வாறு கருதுவதில்லை. யாழ்ப்பாணத்து உடுவிலில் நெடுங்காலம் பணியாற்றிய மறைபணியாளர் வின்சுலோ 1862இல் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியையும், புதுச்சேரி மறைபணியாளர் மூசேயும் துப்புயியும் 1855 முதல் வெளியிட்ட தமிழ் பிரெஞ்சு அகராதியையும் அருகருகே வைத்து இத்தகைய சொற்களைப் படிப்பது, பாரிஸ் தமிழாசிரியர்களுக்குப் பெரும்பயன் தரும். ஈழ வழக்கும் தமிழக வழக்கும் எங்கே பிரிகின்றன என்பதை அவ்விரு நூல்களும் வெவ்வேறு கோணங்களில் காட்டுகின்றன.

உருவகப் பொருளில் மூன்று மொழிகளும் பிரிகின்றன. பிரெஞ்சில் அடைகாத்தலைக் குறிக்கும் ‘கூவே’ என்ற வினை, வரப்போகும் காய்ச்சலுக்கும், உள்ளே கனலும் நெருப்புக்கும், பிள்ளையை அளவுமீறிப் பொத்தி வளர்ப்பதற்கும் ஆகிறது. தமிழில் பணத்தை அடைகாத்தல் உண்டு. கவலையை அடைகாத்தல் பேச்சில் வேரூன்றவில்லை. ஆங்கிலேயர் கோழியிடம் கண்டதைத் தமிழர் மாட்டிடம் கண்டு, பழைய நினைவுகளை அசைபோடுகிறார்கள்.

வார இறுதித் தமிழ் வகுப்பில் மிகுதியாகத் திருத்தப்படும் விடைகளுள் ஒன்று ‘புலிக்குட்டி’. பிரெஞ்சுப் பள்ளி ஓர் உயிருக்கு ஒரு பெயர் என்று பழக்கியிருப்பதால், திருத்தத்தை மாணவர் எளிதில் ஏற்றுக்கொண்டு புலிப்பறழ் என்று எழுதிக்கொள்கிறார். மரபியலின் கணக்கில் புலிக்கு முதற்பெயர் குருளை. அதன் பின் குட்டியும் பறழும் விலக்கப்படாதவை. நாயை மட்டும் நீக்கிப் பிள்ளையும் பிழையில்லை என்று அடுத்து வருகிறது. ஆகவே புலியின் இளமையை நான்கு பெயர்களாலும் எழுதலாம், அடிக்கப்பட்ட அந்தக் குட்டிக்கும் முழு மதிப்பெண் உண்டு.